படகின் மூக்கில் ஒரு ஓட்டை



இங்கிலாந்தில் மகள் வீட்டில் இருந்தபோது ஒரு படம் போட்டிருந்தேன். கரையில் தூக்கி நிறுத்திய பாய்மரப் படகு, அதன் முன்பக்கத்தில் முட்டை வடிவில் ஒரு ஓட்டை, பக்கத்தில் குளிருக்குக் குல்லா போட்டுக்கொண்டு நான். "டீச்சர், ஓட்டைப் படகில் ஏறாதீங்க" என்று பழைய மாணவர்கள் கேலி செய்தீர்கள். "நல்ல படகை ஏன் அண்ணி கெடுத்தாங்க?" என்று நாத்தனார் கேட்டார். எல்லாருக்கும் சேர்த்து இப்போது பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். பாடம் நடத்துவது போலவும் இருக்கும், பழக்க தோஷம். ஆனால் கடைசிவரை படியுங்கள். உங்களில் சிலரிடம் நான் சொல்ல வேண்டியது ஒன்று கடைசியில் இருக்கிறது.

மாப்பிள்ளையிடம் 11 மீட்டர் நீளமுள்ள பழைய பாய்மரப் படகு ஒன்று இருக்கிறது. சவுத்தாம்ப்டன் பக்கத்தில் ஹாம்பிள் என்று ஒரு ஆறு. இரண்டு கரையிலும் படகுத்துறைகள். ஊரில் நாம் பைக் நிறுத்துவது மாதிரி அங்கே படகுகளை வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். இரண்டு படகுக்கு நடுவே நம் படகைக் கொண்டுபோய்ச் சொருக வேண்டும். கடலில் பாய் விரித்து ஓட்டுவதைவிட இதுதான் கஷ்டம் என்று மாப்பிள்ளை சொல்வார்.

ஏன் கஷ்டம்? சைக்கிளைத் திருப்புவதற்குத் தரையின் பிடிப்பு இருக்கிறது. படகைத் திருப்புவது சுக்கான். சுக்கானின் மேல் தண்ணீர் ஓடினால்தான் அது வேலை செய்யும். துறைக்குள் மெதுவாகத்தான் வரவேண்டும். மெதுவாக வந்தால் சுக்கானுக்குப் பிடி கிடைக்காது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்திலிருந்து காற்று அடித்தால், உயரமாகவும் லேசாகவும் இருக்கும் முன்பக்கம் ஒதுங்கிப் போய்விடும். நம் கடற்கரை ஊர்களில் அந்த முன்பக்கத்தை அணியம் என்பார்கள். பிரேக் கிடையாது. நிறுத்த வேண்டுமென்றால் எஞ்சினைப் பின்னோக்கிச் சுற்ற வேண்டும். அப்படிச் சுற்றும்போது விசிறி சுழலும் திசையினால் படகின் பின்பக்கம் ஒருபுறமாக இழுத்துக்கொண்டு போகும். அவர்கள் படகில் இடது பக்கம்.

போன அக்டோபர் கடைசியில், அந்த வருடத்தின் கடைசிப் பயணம் முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளை பின்னால் சுக்கான் சக்கரத்தில். மகள் அணியத்தில், கையில் கொக்கிக் கம்பு. நான் நடுவில், பாய்மரத்துக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். நல்ல காற்று. அணியம் பக்கத்துப் படகை நோக்கிச் சாய ஆரம்பித்தது. மகள் முன்னாலிருந்து ஏதோ கத்தினாள். பின்னால் எஞ்சின் சத்தத்தில் மாப்பிள்ளைக்குக் கேட்கவில்லை. "என்ன அத்தை சொல்றா?" என்று என்னைக் கேட்டார். நான் சொன்னேன். அவர் எஞ்சினை இன்னும் கொஞ்சம் முன்னால் கொடுத்தார்.

அடுத்த நொடி மகள் கம்பைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் பக்கத்துப் படகைத் தள்ளினாள். 6 டன் படகு. மெதுவாகத்தான் வந்தது. மெதுவாக வருகிற 6 டன்னையும் கையால் நிறுத்த முடியாது. வலது கை நடுவில் மாட்டிக்கொண்டது. எக்ஸ்ரேயில் மணிக்கட்டு எலும்பில் விரிசல். ஆறு வாரம் கட்டு.

கட்டுப் பிரித்த பிறகும் அவள் படகுத்துறைப் பக்கம் போகவில்லை. மாப்பிள்ளை படகை விற்றுவிடலாம் என்றார். அதற்கு அவள் சொன்னது இது: "படகு வேண்டாம்னு நான் சொல்லலை. முன்னால நிக்க மாட்டேன்னுதான் சொல்றேன்."

இதற்கு ஒரு கருவி இருப்பது மாப்பிள்ளைக்கு முன்பே தெரியும். பவ் த்ரஸ்டர் என்று பெயர். அணியத்தில், தண்ணீருக்குக் கீழே, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஒரு குழாய். குழாய்க்கு நடுவே சின்ன விசிறி. மேலே உள்ளிருந்து அதைச் சுற்ற ஒரு மின்மோட்டார். பொத்தானை இடது பக்கம் அழுத்தினால் விசிறி தண்ணீரை வலது பக்கம் தள்ளும், அணியம் இடது பக்கம் நகரும். நியூட்டனின் மூன்றாம் விதி. பெரிய கப்பல்களில் சாதாரணமாக இருப்பதுதான். ஆனால் பாய்மரப் படகு ஓட்டுகிறவர்களில் சிலருக்கு அதன்மேல் ஒரு இளக்காரம். ஓட்டத் தெரியாதவன் வைத்துக்கொள்வது என்பார்களாம். நம் மாப்பிள்ளையும் அந்தக் கட்சிதான். ஆறு வருடமாக வேண்டாம் என்று இருந்தவர்.

டிசம்பரில் ஒருநாள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று விலைப்பட்டியல்களை மேசையில் வைத்தார். "என் வீம்புக்கு இவ கை போச்சு அத்தை" என்றார்.

எனக்குச் சாப்பிட்டது இறங்கவில்லை. இரண்டு மாதமாக மனசுக்குள் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன். அன்றைக்கு அவள் கத்தியது "போதும்" என்று. எனக்குக் கேட்டது "போகட்டும்" என்று. நான் "போகட்டும்ங்கிறா" என்று சொல்லித்தான் அவர் முன்னால் கொடுத்தார். இது எனக்கு அன்று இரவே புரிந்துவிட்டது. சொல்ல வாய் வரவில்லை. அவர் தன்மேல் பழியைப் போட்டுக்கொள்வதை இரண்டு மாதம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மாப்பிள்ளை ஒன்றும் பேசவில்லை. மகள் தட்டை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "தெரியும்மா. நாலு வருஷமா போன்ல எல்லாத்தையும் ரெண்டு ரெண்டு தடவை சொல்லிக்கிட்டு இருக்கேன். காதுக்கு மிஷின் வைன்னா கேட்டியா? அவருக்கு ஒரு வீம்பு, உனக்கு ஒரு வீம்பு. நடுவுல என் கை." கொஞ்ச நேரம் கழித்து, "அவர் படகுக்கு வைக்கட்டும், நீ காதுக்கு வை" என்றாள். பேச்சு அதோடு முடிந்தது.

இனி ஓட்டைக்கு வருகிறேன்.

இந்தக் கருவியில் மூன்று வகை உண்டு. முதலாவது, நான் மேலே சொன்ன குழாய் வகை. இரண்டாவது, வேண்டும்போது படகின் அடியிலிருந்து கீழே இறங்கி, வேலை முடிந்ததும் உள்ளே மடங்கிக்கொள்வது. குழாய் வாய் எப்போதும் திறந்திருப்பதால் பாய் விரித்து ஓடும்போது வேகம் கொஞ்சம் குறையும். மடங்கும் வகையில் அந்த இழப்பு இல்லை. பந்தயத்துக்குப் போகிறவர்கள் அதை விரும்புவார்கள். ஆனால் விலை மிக அதிகம், உள்ளே இடமும் நிறைய வேண்டும். மூன்றாவது, வெளியிலேயே பொருத்துவது. பெரிய ஓட்டை போட வேண்டாம், ஆனால் தண்ணீருக்குள் துருத்திக்கொண்டிருக்கும்.

குழாய் வகைக்கு ஒரு நிபந்தனை உண்டு. குழாய் போதிய ஆழத்தில் இருக்க வேண்டும். அதன் மேல்விளிம்பு, குறைந்தது குழாய் விட்டத்தில் பாதி அளவாவது நீர்மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். அதைவிட ஆழமானால் இன்னும் நல்லது. மேலே இருந்தால் விசிறி காற்றை உறிஞ்சும், சத்தம் வரும், தள்ளும் சக்தி போய்விடும். இப்போது வரும் படகுகள் பலவற்றில் அணியத்தின் அடி தட்டையாக இருப்பதால் இந்த ஆழம் கிடைப்பதில்லை. மாப்பிள்ளையின் படகு பழைய காலத்து வார்ப்பு. அணியம் கத்தி மாதிரி ஆழமாக இறங்கும். பழைய படகு என்று சிரித்தவர்கள் எல்லாம் இந்த விஷயத்தில் அதைப் பாராட்டினார்கள். குழாய் வகையே முடிவானது.

அடுத்து, எவ்வளவு சக்தி வேண்டும்? ஒரு கடைக்காரர் இருப்பதிலேயே பெரியதைச் சொன்னார். மாப்பிள்ளை காசைப் பார்த்துச் சிறியதைச் சொன்னார். நான் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன்.

பிள்ளைகளே, நெம்புகோல் பாடம் நினைவிருக்கிறதா? வகுப்பறைக் கதவை வைத்துத்தான் நடத்துவேன். கீலுக்குப் பக்கத்தில் தள்ளினால் கதவு நகராது, கைப்பிடி பக்கம் ஒரு விரலால் தள்ளினாலே திறக்கும். இங்கே படகுதான் கதவு. பின்பக்கம் கீல் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று கதவின் நடுவில் தள்ளுகிறது. நாம் கைப்பிடிப் பக்கம் நின்று அதைத் தடுக்க வேண்டும்.

காற்றின் வேகம் நொடிக்கு 10 மீட்டர், படகுக்காரர்கள் கணக்கில் ஏறக்குறைய 20 நாட். அந்தக் காற்று ஒரு சதுர மீட்டரில் சுமார் 6 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். தண்ணீருக்கு மேலே தெரியும் படகின் பக்கவாட்டுப் பரப்பு, மேலறையும் சேர்த்து சுமார் 15 சதுர மீட்டர். பெருக்கினால் 90. படகு பலகை மாதிரித் தட்டையாக இல்லை, வளைவானது, அதனால் முக்கால் பங்கு போட்டுக்கொண்டோம். 68 கிலோ. இது பின்பக்கத்திலிருந்து ஐந்தரை மீட்டர் தூரத்தில் தள்ளுகிறது. கருவி இருக்கப்போவது 10 மீட்டர் தூரத்தில். 68-ஐ 5.5-ஆல் பெருக்கி 10-ஆல் வகுத்தால் 37 கிலோ.

மோட்டார் சுற்றும்போது பேட்டரியின் வோல்ட் இறங்கும், தள்ளும் சக்தியும் குறையும். அதற்கும் இடம் விட்டு 55 கிலோ தள்ளும் கருவியை வாங்கினார்கள். குழாயின் உள்விட்டம் 150 மில்லிமீட்டர்.

அதே தாளில் இன்னொரு வரியும் எழுதினேன். காற்றின் வேகம் ஒன்றரை மடங்கானால் அழுத்தம் இரண்டேகால் மடங்காகும். அதாவது 30 நாட் காற்றில் 83 கிலோ வேண்டும். இந்தக் கருவி அன்றைக்குத் தோற்றுவிடும். அந்த வரியின் கீழே மாப்பிள்ளை இரண்டு கோடு போட்டு வைத்தார்.

மார்ச் மாதம் படகைக் கரையேற்றினார்கள். பெரிய சக்கரங்கள் வைத்த தூக்கி ஒன்று இரண்டு பட்டைகளில் படகைத் தொட்டில் மாதிரி ஏந்திக்கொண்டு வந்தது. வேலைக்கு வந்தவர் என் வயதுக்காரர். நானும் சும்மா இருக்காமல், "முன்னால இருக்கற தண்ணி டாங்க் காலியானா அணியம் மேல எழும்பாதா? அப்ப குழாய் ஆழம் குறையாதா?" என்று மகளை விட்டுக் கேட்கச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே போனை எடுத்துக் காட்டினார். டாங்க் காலியாக இருக்கும்போது மிதந்த படகை முன்பே படம் பிடித்து வைத்திருந்தார். அதிலிருந்துதான் அளவே எடுத்திருந்தார். தொழில் தெரிந்தவரிடம் கேள்வி கேட்டால் இப்படித்தான் மனசு நிறைகிற மாதிரிப் பதில் வரும்.

முதலில் இரண்டு பக்கமும் சிறு துளை போட்டு, நேராக ஒரு கம்பியைச் செருகினார். கம்பியில் ஒரு கையைக் கட்டி, அதன் நுனியில் பென்சில். கவராயம் மாதிரிச் சுற்றினார். படகின் உடலில் விழுந்தது வட்டம் அல்ல, நீள்வட்டம். உருளையைச் சாய்வாக வெட்டினால் நீள்வட்டம் வரும் என்று எத்தனை வருடம் முள்ளங்கியை வெட்டிக் காட்டியிருப்பேன்!

வெட்டும் நேரத்தில் மாப்பிள்ளை காபி வாங்கப் போய்விட்டார். நீர்மட்டத்துக்குக் கீழே, நன்றாக இருக்கும் படகில், காசு கொடுத்து ஓட்டை போடுவதைப் பார்க்க அவருக்குத் தாங்கவில்லை. மகள் முகமூடி போட்டுக்கொண்டு கடைசிவரை நின்று பார்த்தாள். விழுந்த துண்டுகளில் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தாள். ஒன்றரை சென்டிமீட்டர் கனம். இப்போது அது என் மேசையில் காகிதங்களின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

பிறகு குழாயைச் செருகி, உள்ளேயும் வெளியேயும் கண்ணாடி இழைத் துணியை எபாக்சி பிசினில் நனைத்து அடுக்கடுக்காக ஒட்டினார்கள். அங்கே மார்ச்சில் நல்ல குளிர். குளிரில் பிசின் இறுகாது. தார்ப்பாய் போட்டு மூடி உள்ளே ஹீட்டர் வைத்தார்கள். குழாயின் வாய் விளிம்பைக் கூர்மையாக விடாமல் உருட்டி விட்டார்கள். அப்போதுதான் தண்ணீர் சுழிக்காமல் போகும். சத்தமும் குறையும்.

மின்சாரமும் லேசான விஷயமில்லை. அந்தச் சின்ன மோட்டார் சுற்றும்போது 300 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வீட்டு ஏசிகூட ஏழெட்டு ஆம்பியர்தான். ஆனால் அது 230 வோல்ட், இது 12 வோல்ட். வோல்ட் குறைந்தால் அதே வேலைக்கு ஆம்பியர் ஏறும். அதனால் கம்பியும் கட்டைவிரல் பருமன். பின்னாலிருந்து அவ்வளவு தூரம் கம்பி இழுப்பதற்குப் பதிலாக, அணியத்தின் படுக்கைக்கு அடியிலேயே தனி பேட்டரி வைத்து, பக்கத்திலேயே ஃபியூஸும் வைத்தார்கள். விசிறிக் காலில் துத்தநாகத் துண்டு ஒன்று இருக்கிறது. கடல் நீர் வெண்கலத்தை விட்டுவிட்டு அதை முதலில் அரிக்கும். வருடம் ஒருமுறை பார்த்து மாற்ற வேண்டும். எல்லாம் சேர்த்து 7,000 பவுண்டை நெருங்கியது. கேட்காதீர்கள், நானும் ரூபாயில் பெருக்கிப் பார்த்துப் பெருமூச்சு விட்டவள்தான்.

ஏப்ரல் முதல் வாரம் தண்ணீரில் இறக்கினார்கள். தூக்கியின் பட்டைகளை அவிழ்ப்பதற்கு முன் மாப்பிள்ளை உள்ளே ஊர்ந்துபோய், குழாய் ஒட்டிய இடமெல்லாம் டிஷ்யூ காகிதத்தால் துடைத்துப் பார்த்தார். காகிதம் காய்ந்தே இருந்தது.

துறைக்குள் திரும்பி வரும்போது மாப்பிள்ளை சக்கரத்தை விட்டு நகர்ந்து, "நீ பிடி" என்று மகளிடம் கொடுத்தார். அவர் கயிற்றோடு முன்னால் போய் நின்றார். இத்தனை வருடம் எங்கள் யாருக்கும் இது தோன்றவில்லை. உடல் பலம் வேண்டிய இடத்தில் அவளை நிறுத்திவிட்டு, பலம் உள்ளவர் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். மகள் மெதுவாக உள்ளே கொண்டுவந்தாள். அணியம் விலகும்போது ஒரு தட்டு, கொஞ்சம் பொறுத்து இன்னொரு தட்டு. தொடர்ந்து அழுத்திக்கொண்டே இருக்கக் கூடாது, மோட்டார் சூடாகிவிடும். படகு நின்றது. யாரும் கத்தவில்லை. யாரும் எதையும் தள்ளவில்லை. மகள் எஞ்சினை அணைத்துவிட்டுத் தன் வலது கையை ஒருமுறை விரித்து மடக்கிப் பார்த்துக்கொண்டாள்.

நானும் ஊர் திரும்பிய இரண்டாம் வாரம் காதைச் சோதித்துக்கொண்டேன். வயதானால் பெரும்பாலும் கீச்சென்ற ஒலிகள்தான் முதலில் குறையுமாம். மெல்லிய மெய்யெழுத்து ஒலிகள் பல அதில்தான் இருக்கின்றன. ஆள் பேசுவது கேட்கும், என்ன சொல் என்று பிடிபடாது. மிச்சத்தை மனசு தானாக நிரப்பிக்கொள்ளும். "இது எத்தனை வருஷமா இருக்கு?" என்று கேட்டார்கள். எண்ணிப் பார்த்தேன். பணி ஓய்வுக்கு நாலைந்து வருடம் முன்பே தொடங்கியிருக்க வேண்டும்.

சின்னப் பிள்ளைகளின் குரல் கீச்சுக்குரல். கடைசி பெஞ்சிலிருந்து பேசினால் இன்னும் மெலிந்துதான் வரும். அந்தக் கடைசி வருடங்களில் "வாயில என்ன கொழுக்கட்டையா? சத்தமாச் சொல்லு" என்று எத்தனை பேரை நிற்க வைத்திருக்கிறேன்! சரியாகச் சொன்ன விடையைத் தப்பு என்று உட்கார வைத்திருக்கிறேன். ஜன்னலோரம் கடைசி பெஞ்சில் ஒருத்தி இருந்தாள். ஜூன் மாதத்தில் எல்லாக் கேள்விக்கும் கை தூக்குவாள். பொங்கலுக்குப் பிறகு தூக்கியதே இல்லை. படிப்பில் ஆர்வம் போய்விட்டது என்று அவள் அம்மாவிடம் நானே சொன்னேன்.

பெயர் எழுத மாட்டேன். இதைப் படித்தால் உனக்குத் தெரியும். நீ சரியாகத்தான் சொல்லியிருப்பாய் அம்மா. கேட்காதது எனக்கு. காதில் மிஷின் வைத்தால் டீச்சருக்கு வயதாகிவிட்டது என்று சொல்வார்களே என்று எனக்கு ஒரு வெட்கம். என் வெட்கத்துக்கு விலை கொடுத்தது நீயும் உன்னைப் போன்ற பிள்ளைகளும். என்னை மன்னித்துவிடு.

உதவி வேண்டாம் என்று இருப்பது நம் சொந்த விஷயம் என்றுதான் நினைத்திருந்தேன். பக்கத்தில் நிற்பவர் கை நடுவில் மாட்டும்வரை அது அப்படித்தான் தெரிகிறது. உங்கள் வீட்டில் கண்ணாடி வேண்டாம், கைத்தடி வேண்டாம், மிஷின் வேண்டாம் என்று இருக்கும் பெரியவர்களுக்கு இந்தக் கதையைப் படித்துக் காட்டுங்கள்.

மிஷினும் படகுக் கருவி மாதிரிதான். எல்லாக் காற்றுக்கும் ஈடுகொடுக்காது. கல்யாண மண்டபத்தில் மேளம் அடிக்கும்போது இன்னும் ஒன்றும் புரிவதில்லை. ஆனால் நேற்று மகள் போனில் பேசினாள். ஒரு தடவை சொன்னதே போதுமாக இருந்தது. நீங்களும் கூப்பிடுங்கள். கத்த வேண்டாம், மெதுவாகப் பேசினாலே போதும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்